மோட்டு மரியான் கயிற்றை விட்ட கதை

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் மடையன். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, சாட்சிகளோடு சொல்கிறேன். கொழும்பில், வெள்ளவத்தையில், ஒரு தொடர்மாடியின் நாலாம் மாடியில், ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலு கதிரைகள் இருக்கின்றன. அதில் யன்னல் பக்கக் கதிரை பத்தொன்பது வருடமாக என்னுடையது. கடைசிப் பத்து வருடம் நான் நோர்வேயில், பெர்கன் நகரத்தில் இருந்துகொண்டே அந்தக் கதிரையில் இருந்தேன். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு சொல்லைச் சொல்லி அதை இழந்தேன். அந்த நேரம் என் கையில் பாதி தோல் சீவிய உருளைக்கிழங்கு ஒன்று இருந்தது.

அன்றைக்குத்தான் நான் நாட்டை விட்டு வந்து பத்து வருடம் நிறைந்த நாளும். மற்றவர்கள் அப்படியான நாளில் கேக் வெட்டுவார்கள். நான் கிழங்கு வெட்டினேன்.

2

என்ன கதிரை, என்ன மேசை என்று கேட்பீர்கள். எங்கள் விளையாட்டுக்குப் பலகையும் இல்லை, காயும் இல்லை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் போய், “நான் இதைச் செய்கிறன், அதைச் செய்கிறன்” என்று வாயால் விளையாடுவார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை எண்கள் தீர்மானிக்கும். வெளிநாடுகளில் அதற்கென்று புத்தகங்களும் இருபது முகத் தாயக்கட்டைகளும் விற்கிறார்கள். எங்களிடம் இருந்தது பாதிப் பக்கம் காணாமல் போன ஒரு போட்டோக்கொப்பியும் ஒரு பால்மா ரின்னும்.

ரின்னைக் கொண்டுவந்தவன் ரொஷான். அவனும் நானும் கொட்டாஞ்சேனையில் ஒரே ஒழுங்கை. அவன் இப்போது ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் முற்றத்தில் கிளார்க். அவனுடைய அப்பா கோயில் கார்னிவலில் ஹவுசி என்கிற எண் கூப்பிடும் விளையாட்டை நடத்துகிறவர். பழைய ஹவுசி செற்றில் எஞ்சிய எண் வில்லைகளில் ஒன்றிலிருந்து இருபது வரை பொறுக்கி ரின்னுக்குள் போட்டான். பதினேழு மட்டும் இல்லை. அதற்குப் பதில் ஒரு சட்டைப் பொத்தான். கையைவிட்டு ஒன்றை எடுக்கவேண்டும். பெரிய எண் வந்தால் பிழைத்தாய். பொத்தான் வந்தால் பதினேழு, ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் போதும்.

சில மாதங்களில் ரொஷானுக்கு மட்டும் பதினேழு அடிக்கடி வந்தது. மேசையின் மூன்றாவது ஆளான குகன் கணித வாத்தியார். அவர் பேசாமல் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு வந்து ஒருநாள் சொன்னார்:

“ரொஷான், உமக்குப் பதினேழு வாறதுக்கும் எனக்குப் பதினேழு வாறதுக்கும் இடையில ஒரு தெய்வம் நிக்குது.”

“விரல்ல ஓட்டை தெரியுது சேர், நான் என்ன செய்ய?” என்றான் ரொஷான்.

கதையை நடத்துகிறவர் வத்சலா அக்கா. வங்கியில் வேலை. யாழ்ப்பாணத்தில் பிறந்து வெள்ளவத்தையில் ஊறியவர். அதிகம் சிரிக்கமாட்டார், சிரித்தால் எங்களில் யாரோ சாகப்போகிறோம் என்று அர்த்தம். நான் முதன்முதல் அந்த வீட்டுக்குப் போன அன்று ரீயைக் கையில் தந்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“தம்பி, உமக்கு வெளியில போற எண்ணம் இருக்கோ?”

“இல்லை அக்கா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லும். உந்தக் கதிரையில இருந்த மூண்டு பேர் இப்ப மூண்டு நாட்டில.”

கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். இப்படியொரு மேசைக்குக் குறைந்தது பதினைந்து பார்க்கவேண்டும். வளர்ந்த ஆட்களில் யார் நேரத்துக்கு வருவான், யார் தோற்றால் தாங்குவான், யாருடைய வீட்டில் ஞாயிறு பின்னேரம் விடுவார்கள், யாருக்கு மற்றவன் கதைக்கும்போது வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியும். என் மச்சினன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போனேன். பத்து நிமிடத்தில் கண்ணில் பட்ட எல்லோரையும் வெட்டிவிட்டு, “சரி, முடிஞ்சுதா?” என்று கேட்டான். இன்னொருவர் நன்றாக விளையாடினார், ஆனால் மூன்று மாதத்தில் அவுஸ்திரேலியா. எங்களுக்குள் சண்டை வந்து ஒருவரும் போகவில்லை. விசா வந்துதான் போனார்கள்.

நான் இல்லை என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அதற்குத்தான் மடையன் என்று ஆரம்பத்திலேயே எழுதினேன்.

3

இனி அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். அதற்கும் காரணம் நான்தான்.

அது சோதனைச்சாவடிகளின் காலம். மட்டக்குளியிலிருந்து வரும் பஸ்ஸில் நானும் ரொஷானும் கொட்டாஞ்சேனையில் ஏறி வெள்ளவத்தைக்குப் போவோம். ரின் என் மடியில். அன்று நான் ரின்னுக்குள் ஒரு படத்தையும் வைத்திருந்தேன். எங்கள் கதையில் வரும் ஊரின் வரைபடம். நானே ஆசையோடு கீறியது. ஒரு துறைமுகம், ஓர் ஆறு, ஆற்றுக்குமேல் ஒரு பாலம். பாலத்தின் நடுவில் அம்புக்குறி போட்டு, “இங்கே உடைக்கலாம்” என்று அழகான தமிழில் எழுதியும் இருந்தேன்.

கொழும்பில். அந்தக் காலத்தில். பையில் வைத்துக்கொண்டு.

கோட்டைக்குக் கிட்ட பஸ்ஸை மறித்தார்கள். ஒரு சிப்பாய் ரின்னைத் திறந்து வில்லைகளைக் கிளறினான். “மே மொனவாத?” என்றான். இது என்ன என்கிறான். “ஹவுசி, மல்லி,” என்று தம்பி முறை சொன்னான் ரொஷான். சிப்பாய் சிரித்தான். பிறகு தாளை விரித்தான். சிரிப்பை நிறுத்தினான்.

இரண்டு மணித்தியாலம் ஒரு அறையில் இருந்தோம். ஓர் அதிகாரி படத்தை நேராகப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். சிங்களத்தில் நல்ல ஓட்டம் உள்ள ரொஷான், இது ஒரு விளையாட்டு என்று விளங்கப்படுத்தினான். அவர் என்னைப் பார்த்து இது எந்த ஊர் என்று கேட்டார். அப்படி ஓர் ஊர் இல்லை, சேர் என்றேன். “இல்லாத ஊருக்கு எதுக்கு வரைபடம்?” என்று கேட்டார். கடைசியில் எங்கள் முகங்களைப் பார்த்து இவர்களால் ஒரு கதவைக்கூட உடைக்க முடியாது என்று தீர்மானித்திருப்பார். விட்டுவிட்டார். படத்தை மட்டும் தரவில்லை.

நடந்ததைக் கேட்ட வத்சலா அக்கா என்னை ஏசவில்லை. மேசையில் இருந்த தாள்களையெல்லாம் எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். அடுப்புச் சத்தம் கேட்டது. திரும்பி வந்து சொன்னார்:

“இனி எழுத்தில ஒண்டும் இல்லை. எல்லாம் வாயாலதான். வாயால வந்தால் வந்ததுதான், திருப்பி எடுக்கேலாது.”

அதுதான் சட்டம். மேசையில் “நான்” என்று தொடங்கி எதைச் சொன்னாலும் அது பாத்திரம் செய்துமுடித்த காரியம். சொந்த விஷயம் கதைக்கவேண்டுமென்றால் ஒரு கையைத் தலையில் வைத்துக்கொண்டு சொல்லவேண்டும். இந்தச் சட்டத்துக்கு முதல் பலி ரொஷான். கோட்டை வாசலைக் காக்கிற வீரனாக இருந்தவன், “அக்கா, நான் ஒருக்கா பாத்ரூம் போட்டு வாறன்” என்றான். கை மடியில் இருந்தது. அவன் திரும்பி வரும்போது கோட்டை விழுந்திருந்தது.

எதிர்த் தொடர்மாடியில் இருந்த ஒரு மனிதர் வெகு காலமாக எங்களை யன்னலால் பார்த்துப் பரிதாபப்பட்டார். ஞாயிறுதோறும் நாலு பேர் மாறி மாறித் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தால் வேறென்ன நினைப்பார்? ஒருநாள் லிஃப்டில் வத்சலா அக்காவிடம், “பிள்ளை, எல்லாம் சரிவரும்” என்றாராம்.

என் பாத்திரத்தின் பெயர் மோட்டு மரியான். கப்பல்களைத் துறைமுகத்துக்குள் கூட்டிவருகிற வேலையிலிருந்து துரத்தப்பட்டவன். ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருக்கிற ஊரைத் தேடிப்போகும் மூன்று பேரில் ஒருவன். மோடன், அதாவது மடையன், என்று பெயர் வைத்தால் மோட்டு வேலை செய்யும்போது ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள் என்பது என் கணக்கு.

4

ஒன்பதாவது வருடம் எனக்கு விசா வந்தது.

ஜெனிற்றா நோர்வேயில் வளர்ந்தவள், நேர்ஸ். கொழும்புக்கு வந்து என்னைக் கட்டினாள். குடும்ப விசா நேர்காணலுக்குக் கலியாணப் படங்கள் கேட்டார்கள். கொடுத்தேன். அதிகாரி ஒரு படத்தில் நின்றார். நானும் பெண்ணும் நடுவில். பக்கத்தில் வத்சலா அக்கா, ரொஷான், குகன். மூவரும் தலையில் கைவைத்தபடி. எங்களுக்குள் ஒரு பகிடி.

“இந்தப் படத்தில் இவர்களுக்கு என்ன நடந்தது?” என்று கேட்டார்.

“சந்தோஷம், சேர்,” என்றேன். அவர் எதையோ நீளமாக எழுதினார். பதினொரு மாதம் இழுத்தது.

விசா வந்த செய்தியைச் சொன்னபோது வத்சலா அக்கா “ஓ” என்றார். அவ்வளவுதான். கடைசி ஞாயிறு வழமைபோல விளையாடினோம். எழும்பும்போது ஒரு கையில் அவர் தந்த பயற்றம்பணியாரப் பெட்டி, மற்றக் கையில் குடை. கதவடியில் நின்று, “அப்ப நான் போட்டு வாறன்,” என்றேன்.

எங்கள் ஆட்களில் யாரும் விடைபெறும்போது “போறன்” என்று சொல்வதில்லை. கடைக்குப் போறன், வேலைக்குப் போறன் என்று சொல்லலாம். வெறுமனே “போறன்” என்றால் கோபித்துக்கொண்டு போகிறான், அல்லது திரும்பி வரப்போவதில்லை. எவ்வளவு அவசரமானாலும் “போட்டு வாறன்”, போய்விட்டு வருகிறேன், என்ற அந்த “வாறனை” வாசலில் வைத்துவிட்டுத்தான் படி இறங்குவோம்.

குகன் சேர்தான் கவனித்தார். “அக்கா, கை தலையில இல்லை.”

வத்சலா அக்கா என் இரண்டு கையையும் பார்த்தார். “இல்லைத்தான். அப்ப சொன்னது மரியான். போட்டு வாறன் எண்டவன், வருவான். கதிரை இருக்கட்டும்.”

அப்படித்தான் கதிரை இருந்தது. எட்டு மாதம் வெறுமையாக. பிறகு இங்கே இணைய வசதி எடுத்ததும், கதிரைக்கு முன்னால் ஒரு தண்ணீர்ச் சாடியில் ரொஷானின் போனைச் சாய்த்துவைத்து என்னை உட்கார்த்தினார்கள். கொழும்பில் பின்னேரம் மூன்றரை, எனக்குக் காலை பதினொன்று. ஆருக்காவது தண்ணீர் விடாய்த்தால் நான் மல்லாந்து விழுவேன். வத்சலா அக்கா வீட்டுக் கூரை விசிறியை என்னளவுக்கு உலகத்தில் ஒருவரும் அறியமாட்டார்கள். கரையோர ரயில் போகும்போது எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். நானும் பெர்கனில் வாயை மூடிக்கொண்டு அது போய்முடியும்வரை இருப்பேன். எனக்காக ரின்னுக்குள் கைவிடுவது ரொஷான். எனக்குப் பதினேழு நிறைய வந்தது. குகன் சேர் கொப்பியை எடுக்கவேயில்லை.

5

இங்கே ஒரு குழுவைத் தேடவில்லையா என்று கேட்பீர்கள். தேடினேன்.

நகர நூலகத்தில் ஒரு குழு இருந்தது. ஐந்து பேர். நல்ல மனிதர்கள். அடுத்த விளையாட்டை ஆறு கிழமைக்கு முன்னரே நாட்காட்டியில் போடுவார்கள். ஐந்து பேரும் ஐந்து நிமிடம் முந்தி வருவார்கள். தொடங்க முன்னர் கதையில் எது வரக்கூடாது என்று ஒரு படிவம் நிரப்பவேண்டும். நான் வெறுமையாக விட்டேன். எதற்கும் பயமில்லையா என்று கேட்டார்கள். படிவத்துக்குத்தான் பயம் என்று சொல்ல நினைத்தேன். என் பகிடி நோர்வேஜிய மொழியில் வினைச்சொல்லைத் தேடிப்பிடித்து வாக்கியத்தின் இரண்டாவது இடத்தில் நிறுத்துவதற்குள் கதையில் அரக்கன் செத்துவிடுவான். அவர்கள் காத்திருந்து கேட்டுவிட்டு, மரியாதையாகச் சிரிப்பார்கள். அதைவிட அரக்கனோடு சேர்ந்து செத்திருக்கலாம்.

அதோடு பழக்கதோஷம். கோப்பி எங்கே என்று கேட்பதற்கும் தலையில் கைவைத்தேன். முதல் நாள் தலையிடிக் குளிசை தந்தார்கள். மூன்றாம் நாள் குழுத் தலைவர் ஊலா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் எல்லாம் சுகமா, ஆரோடாவது கதைக்கவேண்டுமா என்று கேட்டார். நான்காம் நாள் நான் போகவில்லை.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் தகப்பன்மாரிடமும் கேட்டுப்பார்த்தேன். “வெண்டால் என்ன கிடைக்கும்?” என்றார் ஒருவர். இன்னொருவர் உண்மையாகவே வந்தார். அவருடைய பாத்திரம் காட்டில் ஒரு துண்டு நிலம் பிடித்து வேலி அடைக்கத் தொடங்கியது.

“அண்ணை, அரக்கன் வாறான்,” என்றேன்.

“வரட்டும். அவன்ர பக்கம் ரெண்டு அடி கூடப் போயிருக்கோ எண்டு முதல்ல அளப்பம்.”

மூன்று மணித்தியாலமும் வேலிதான். அரக்கனே சலித்துப்போய்த் திரும்பினான்.

இந்த நாட்டில் என்னை ஆரும் அன்ரன் என்று கூப்பிடுவதில்லை. வதிவிட அட்டையில் அப்பாவின் பெயரை என் பெயராகப் போட்டுவிட்டார்கள். திருத்தச் சொல்லி மூன்று மேன்முறையீடு எழுதினேன். மூன்றும் “திரு. சவிரிமுத்து அவர்களுக்கு” என்று திரும்பி வந்தன. வைத்தியசாலையின் சலவைப் பகுதியில் பத்து வருடமாகப் படுக்கை விரிப்பு மடிப்பது என் அப்பா. அன்ரன் இருந்தது ஞாயிறு பதினொரு மணிக்கு, ஒரு தண்ணீர்ச் சாடியில் சாய்ந்தபடி.

ஊருக்கு ஏன் போகவில்லை என்பதற்கு நல்ல காரணம் ஒன்றும் இல்லை. முதலில் அட்டை வரவில்லை. பிறகு மகள் பிறந்தாள். பிறகு ஜெனிற்றாவின் லீவும் என் லீவும் ஒத்துவரவில்லை. அம்மா அண்ணனோடு மெல்பேர்ன் போய்விட்டார், கொட்டாஞ்சேனை வீட்டில் வேறு ஆட்கள். வருகிற வருடம், வருகிற வருடம் என்று பத்து. துக்கம் என்றுகூடச் சொல்லமாட்டேன். விறைத்த கால்மாதிரி. நடக்கலாம், வேலைக்குப் போகலாம், யாராவது மிதித்தால்தான் இருக்கிறதோ என்று குனிந்து பார்க்கத் தோன்றும்.

6

அந்த ஞாயிறு ஜெனிற்றாவுக்கு வேலை. மகள் லீனாவுக்கு ஒன்பது வயது. பன்னிரண்டு மணிக்கு வகுப்புத் தோழி ஒருத்தியின் பிறந்தநாளுக்குக் கொண்டுபோய் விடவேண்டும். அதற்குமுன் சமையல். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவிட்டுக் கிழங்கு சீவினேன்.

கதை உச்சத்தில் நின்றது. பல வருடம் தேடிய ஆற்றங்கரை. வெள்ளம். பாலம் பாதி போய்விட்டது. மற்ற இருவரும் அக்கரைக்கு ஏறும்வரை மரியான் நடுப்பாலத்தில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். பத்தொன்பது வருடத்தில் அவனுக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை.

“தண்ணி மரியான்ர இடுப்புக்கு வந்திட்டுது,” என்றார் வத்சலா அக்கா. “பலகை ஒண்டு கழண்டு போகுது. தம்பி, என்ன செய்யிறீர்?”

“அப்பா, நேரமாகிவிட்டது,” என்றாள் லீனா நோர்வேஜிய மொழியில். அவள் சப்பாத்தும் போட்டாயிற்று, பரிசுப் பொதியும் கையில். “அப்பா. இப்போதே.”

இங்கே வேலை முடிந்தால், கடையை விட்டு இறங்கினால், எந்தக் கூட்டத்தை விட்டு எழும்பினாலும் “யாய் கோர் நோ” என்பார்கள். நான் இப்போது போகிறேன் என்று அர்த்தம். வருவதைப் பற்றி ஒரு கதையும் இல்லை. பத்து வருடம் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அது வாயில் மட்டும் நிற்கவில்லைப் போல. ஒரு கையில் போனைத் தூக்கினேன். மறு கையில் கிழங்கு.

“சரி அக்கா, நான் போறன்.”

வெள்ளவத்தையில் மூவரும் போனுக்குக் குனிந்தார்கள்.

“என்ன சொன்னனீர்?”

“இல்லை அக்கா, மகளை ஒரு பேர்த்டேக்கு...”

“அது பேந்து. முதல் என்ன சொன்னனீர்?”

“நான் போறன் எண்டவர்,” என்றார் குகன் சேர், சோதனைத் தாள் திருத்துகிற குரலில்.

“கை?”

“கையில கிழங்கு,” என்றான் ரொஷான். “அடோ மச்சான், கிழங்கை வைச்சிட்டு ஒருக்காத் தலையைத் தொடு.”

“இனித் தொட்டு வேலையில்லை,” என்றார் வத்சலா அக்கா. “எங்க போறன் எண்டு சொன்னவரோ? அக்கரைக்குப் போறன் எண்டால் வேற.”

“இல்லை. சும்மா போறன்.”

“அப்ப ஆள் போட்டார். கயிற்றை விட்டிட்டார்.” ரின்னை ரொஷான் பக்கம் தள்ளிச் சொன்னார்: “பதினஞ்சுக்கு மேல வந்தால் கரையில ஒதுங்குவார், எப்பவாவது வரலாம். ரொஷான், போடும் கையை.”

எனக்குப் பயம் வரவில்லை. ரின்னுக்குள் பொத்தான் இருக்கிறது. ரொஷானின் விரலும் இருக்கிறது. வில்லைகள் கிலுங்குகிற சத்தம் கேட்டது. வழமையைவிட நீளமாகக் கிலுங்கியது. லீனா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“நாலு,” என்றான் ரொஷான்.

பிறகு வத்சலா அக்கா வங்கியில் கணக்கு மூடுகிறவரிடம் கதைப்பதுபோலக் கதைத்தார். அவரோடு வேலைசெய்கிற மிதுனா என்ற பிள்ளை இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். கதிரை இல்லை என்று சொல்லி வைத்திருந்தாராம். “நாலு பேர் வேணும் தம்பி. அடுத்த ஞாயிறு அவ வரட்டும். உமக்கு விருப்பமெண்டால் நீர் பாத்துக்கொண்டு இரும்.”

“ஓம் அக்கா. பரவாயில்லை,” என்றேன். கிழங்கைச் சட்டியில் போட்டேன். தோல் பாதி இருந்தது.

லீனாவைக் கூட்டிக்கொண்டு மழைக்குள் நடந்தேன். பிறந்தநாள் வீட்டுத் தாய் கதவைத் திறந்து எப்படிச் சுகம் என்று கேட்டார். நல்ல சுகம் என்றேன். திரும்பும்போது, “யாய் கோர் நோ,” என்றேன். அவர் சிரித்துக் கதவைச் சாத்தினார். சரியான சொல். உச்சரிப்பும் சரி.

7

அன்று பின்னேரம் லீனாவிடம் மரியான் செத்ததைச் சொன்னேன். அவளும் பள்ளிக்கூடத்தில் பின்னேர வகுப்பில் இதே விளையாட்டை விளையாடுகிறவள். அங்கே அவர்களுக்கு உண்மையான தாயக்கட்டை இருக்கிறது, ஒரு பெட்டி நிறைய. நானும் ஒருநாள் வந்து கதை நடத்தட்டுமா என்று கேட்டதற்கு, “அப்பா, நீங்கள் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும்,” என்றவள்.

“எத்தனை வருடம் வைத்திருந்தீர்கள்?” என்று கேட்டாள்.

“பத்தொன்பது.”

“எமிலின் பாத்திரம் இரண்டு கிழமைதான் இருந்தது. செத்தபோது அவன் அழுது, அவனுடைய அம்மா வந்து கூட்டிக்கொண்டு போனார். நீங்கள் ஏன் அழவில்லை?”

தெரியவில்லை என்றேன். அந்தப் பதிலை மட்டும் அவள் தமிழில் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். “தெரியேல்லை.” உச்சரிப்பு பரவாயில்லை.

இதை ஜெனிற்றாவிடம் அவள் சொல்ல, ஜெனிற்றா என்னை வைத்தியரிடம் அனுப்பினாள். அங்கேயும் ஒரு படிவம். கடந்த இரண்டு கிழமையில் இன்ன இன்ன உணர்வு எத்தனை தரம் வந்தது, பூச்சியத்திலிருந்து மூன்றுவரை போடவேண்டும். மூன்று போட்டால் அதிகப்பிரசங்கம், பூச்சியம் போட்டால் அவர்கள் மனம் நோகும் என்று எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டேன். வைத்தியர் கூட்டிப் பார்த்துவிட்டு, எல்லைக்கோட்டில் இருக்கிறீர்கள், திரு. சவிரிமுத்து என்றார். அப்பாவுக்கு அறிவிக்கிறேன் என்றேன். பகிடி இந்தத் தரம் நேரத்துக்கு வந்தது. அவர்தான் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பதினொரு மணிக்கு நான் போனைத் திறக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு ரொஷானுக்கு மட்டும் எழுதினேன்: “பொத்தான் துலைஞ்சிட்டுதா மச்சான்?”

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவனுடைய குரல் பதிவு வந்தது. பின்னால் கொட்டாஞ்சேனைச் சந்தியின் ஹோர்ன் சத்தங்கள்.

“துலையேல்ல மச்சான். கையில வந்தது. பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் நிண்டன். பேந்து விட்டிட்டன்.” நடுவில் ஒரு பஸ் கடந்து போனது. “பத்து வருசம் போனோட கதைச்சிட்டன்டா. நீ தண்ணிச் சாடில சாஞ்சிருக்கிறாய், நான் உனக்கும் சேத்துக் கைவிடுறன். எனக்குப் பக்கத்தில ஒரு ஆள் இருக்கோணும் போல இருந்தது. ஏசாத.”

நான் ஏசவில்லை. மூன்று தரம் போட்டுக் கேட்டேன். மூன்றாம் தரம் பஸ் சத்தத்தில் நடத்துனர் பஸ் போகிற இடத்தைச் சொல்லி, “பெற்றா, பெற்றா, பெற்றா” என்று ஆள் கூப்பிடுவது கேட்டது. அந்த இடத்தில் மட்டும் விறைப்புக்குள் ஏதோ குத்தியது. பிறகு அதுவும் போய்விட்டது.

பத்து வருடத்தில் நான் இந்த நாட்டில் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒரே எழுத்து மேன்முறையீடு. ஆகவே வத்சலா அக்காவுக்கு ஒன்று எழுதினேன். எழுத்தில் ஒன்றும் இல்லை என்ற சட்டத்தை மீறித்தான். ஒன்று: மேற்படி “போறன்” தமிழ்ச் சொல் அல்ல, தமிழ் வேடம் போட்ட நோர்வேஜியச் சொல். ஆகவே மேசைச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது. இரண்டு: சம்பவ நேரத்தில் விண்ணப்பதாரியின் இரு கையும் பயன்பாட்டில் இருந்தன, கிழங்கைத் தலையில் வைத்திருந்தால் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்குமா என்பது தெளிவுபடுத்தப்படவில்லை. மூன்று: மரியானின் உடல் இதுவரை கரையொதுங்கவில்லை. நான்கு: மிதுனா என்பவரோடு விண்ணப்பதாரிக்கு ஒரு கோபமும் இல்லை, அவர் யன்னல் பக்கம் இருக்கட்டும், ஆனால் பின்னேர வெயில் முகத்தில் அடிக்கும், நாலரைக்குத் திரையை இழுத்துவிடவும்.

ஐந்தாவதாக ஒன்று எழுதி அழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். அந்தக் கதிரையில் இல்லாவிட்டால் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை என்பதுதான் அது. அதைப் படிவத்தில் போடுகிற மாதிரி எனக்குப் போடத் தெரியவில்லை.

கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இடது கையைத் தலையில் வைக்காமல், மேசைமேல் தெரியும்படி வைத்து ஒரு படம் எடுத்தேன். கிழங்கு இல்லை, ஒன்றும் இல்லை. அதை அனுப்பி, கீழே எழுதினேன்: “அக்கா, அண்டைக்குப் பிழையாச் சொல்லிட்டன். இப்ப சரியாச் சொல்லுறன். நான் போட்டு வாறன்.”

அவர் வாசித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. வத்சலா அக்கா எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. நான் சலவைப் பகுதியில், மடித்த விரிப்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். பதில் வந்தது.

“முதல் சொன்ன போட்டு வாறனுக்கே நீர் இன்னும் வரேல்லை.”